கடற்பயண நாட்குறிப்பும் கலைப் பார்வையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் மூக்கையூர் வரையுள்ள இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து வணிகக் கப்பல்களில் வேலைக்குப் போகும் இளைஞர்கள், விசைப்படகில் தொழில் செய்கிறவர்கள், அந்தமானுக்கோ இலங்கைக்கோ ஒருமுறை கப்பலில் போய்வர நினைக்கும் ஆசிரியர்கள் எனப் பலரும் கடலில் நாட்குறிப்பு எழுதுவதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் ஓவியமும் சிற்பமும் அடிக்கடி குறுக்கிடும். அது தற்செயல் அன்று. கடலில் எழுத உட்காருகிறவருக்கு முதலில் வேண்டியது நடையழகு அல்ல, பார்க்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தை ஓவியரிடமும் சிற்பியிடமும் கற்பதுதான் நேர்வழி என்பது என் எண்ணம்.

கேள்வி: கப்பலில் லாக் புத்தகம் இருக்கும்போது தனியாக ஒரு நாட்குறிப்பு எதற்கு?

லாக் புத்தகம் கப்பலின் சட்டப்பூர்வ ஆவணம். கப்பல் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, செல்லும் திசை, வேகம், காற்றழுத்தம், விபத்து ஏதேனும் நேர்ந்தால் அதன் விவரம் ஆகியவை அதில் பதிவாகும். எழுதியவரின் மனநிலைக்கு அங்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அந்தப் புத்தகத்திலும் கண்ணின் வேலை ஒளிந்திருக்கிறது. காற்றின் வலிமையை 0 முதல் 12 வரையுள்ள போஃபர்ட் அளவில் குறிக்கிறார்கள் அல்லவா? கருவி இல்லாத மாலுமி அந்த எண்ணை நீரைப் பார்த்துத்தான் முடிவு செய்தார். 3 என்றால் அலைமுகடுகள் அங்கங்கே உடையத் தொடங்கியிருக்கும். 4 என்றால் வெண்நுரை பரவலாகத் தெரியும். 7 என்றால் நுரை காற்றின் போக்கில் கோடுகோடாக இழுபடும். நாட்குறிப்பில் 7 என்ற எண்ணை விட்டுவிட்டு அந்தக் கோடுகளை எழுதுங்கள். எண்ணை லாக் புத்தகம் பார்த்துக்கொள்ளும்.

வெளியுலகச் செய்தியும் சொந்த மனமும் ஒரே ஏட்டில் சேர்ந்திருக்க முடியுமா என்று தயங்குகிறவர்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை நினைத்துக்கொள்ளலாம். 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய குறிப்புகளில் கப்பல் வந்த செய்தி, அதற்குப் போட்ட பீரங்கி மரியாதை, சரக்கு, ஊர்வம்பு, தன் மனக்கசப்பு எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. எதையும் பிரித்து வைக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. அதனால்தான் அது இன்றும் படிக்கச் சுவையாக இருக்கிறது.

கேள்வி: நடுக்கடலில் தினமும் அதே நீர், அதே வானம். எதை எழுதுவது?

பாம்பனில் வளர்ந்தவர்கள் இப்படிக் கேட்கும்போது எனக்குச் சற்று வியப்பாக இருக்கும். பாலத்துக்கு இந்தப் பக்கம் வடகடல், அந்தப் பக்கம் தென்கடல். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று மன்னார் வளைகுடாவைக் குமுறவைக்கும் மாதங்களில் பாக் விரிகுடா அடங்கிக் கிடக்கும், வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். ஒரே இடத்தில் நின்று முகத்தைத் திருப்பினாலே இரண்டு கடல்களைப் பார்க்கிற மக்கள், கடல் எங்கும் ஒன்றுதான் என்று சொல்லக் கூடாது.

கரை மறைந்த பிறகு பார்க்க வேண்டியவை குறைவதில்லை, நுட்பமாகின்றன. தொடுவானம் கத்தி விளிம்பைப் போலக் கூர்மையாக இருக்கிறதா, புகைந்து கலங்கியிருக்கிறதா? கப்பலின் நிழல் விழும் பக்கத்து நீருக்கும் வெயில் படும் பக்கத்து நீருக்கும் நிறம் எப்படி வேறுபடுகிறது? தொலைவிலிருந்து உருண்டு வரும் பெரிய அலைகள் ஒரு திசையிலும், அப்போதைய காற்று எழுப்பும் சிற்றலைகள் வேறொரு திசையிலும் போவது தெரிகிறதா? மேகத்தின் அடிப்பகுதி தட்டையா, கிழிந்து தொங்குகிறதா? தினமும் ஒரே நேரத்தில், கப்பலின் ஒரே இடத்தில் நின்று ஐந்து வரி எழுதிப் பாருங்கள். முதல் சில நாட்கள் வரிகள் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதற்குப் பிறகு, நேற்று எழுதிய சொல்லை இன்று எழுத முடியாது என்பது தெரியவரும்.

‘இன்று கடல் மிக அழகாக இருந்தது’ என்ற வரியை ஆறு மாதம் கழித்துப் படித்தால் அந்தக் கடல் கண்முன் வராது. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: ‘காலை ஆறேகால், இடப்பக்கம். நீர் ஈயநிறம், மேலே எண்ணெய்ப் பளபளப்பு. தொடுவானத்துக்கு மேல் விரற்கடை அகலத்துக்கு மஞ்சள், அதற்கு மேல் சாம்பல். காற்று இல்லை, ஆனாலும் தளம் மெல்லச் சாய்கிறது.’ இதில் ஓர் உவமை கூட இல்லை, ஆனால் எழுதியவர் அங்கே நின்றார் என்பது தெரிகிறது. கடலைத் தாய் என்றும் கவிதை என்றும் சொல்வதை, அந்தச் சொல் உண்மையாகவே வேண்டியிருக்கும் ஒரு நாளுக்காக ஒத்திவைக்கும்படி நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

தொடுவானத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாட்டுப்படகில் நிற்பவரின் கண் நீரிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அவருடைய தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டரில் முடிகிறது. சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் 25 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அது சுமார் 18 கிலோமீட்டர். இருவருக்கும் அந்தக் கோடு கண்மட்டத்திலேயே இருப்பதாகத் தோன்றும், ஆனால் கோட்டுக்குள் அடங்கும் நீர் வேறு. ஒரு காட்சியை எழுதும்போது எவ்வளவு உயரத்தில் நின்று பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், பின்னாளில் அதை ஓவியமாக்க நினைக்கும்போது கோட்டைத் தாளில் எங்கே போடுவது என்று திணற வேண்டியிருக்காது.

கேள்வி: எனக்கு வரையத் தெரியாது. படம் போட முயலலாமா?

தாராளமாக. நாட்குறிப்பில் உள்ள படம் பிறருக்குக் காட்டுவதற்கானது அன்று. எழுத்தால் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதை ஒரு கோட்டில் முடிப்பதற்கானது. மலையின் வெளிக்கோடு, கலங்கரை விளக்கத்தின் பட்டைகள், பாய் கட்டியிருக்கும் முறை போன்றவற்றை எழுதுவதைவிட வரைவது எளிது.

வண்ணம் இல்லையென்றால் வண்ணத்தின் பெயரை எழுதிவிடுங்கள். இது கத்துக்குட்டிகளின் குறுக்குவழி அன்று. 1768-இல் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் ஓவியராகச் சென்ற சிட்னி பார்க்கின்சனிடம், கரையில் சேகரித்த செடிகள் அவர் வரைந்து முடிக்கும் வேகத்தைவிட விரைவாக வந்து குவிந்தன. வாடுவதற்குள் வெளிக்கோட்டை வரைந்து, ஒரு சிறு பகுதிக்கு மட்டும் வண்ணம் தீட்டி, மற்ற நிறங்களை எழுத்தில் குறித்துவைத்தார். 1771-இல் திரும்பும் வழியில் அவர் இறந்துபோனார். அந்தக் குறிப்புகளை வைத்து வேறு ஓவியர்கள் பிறகு படங்களை நிறைவு செய்தார்கள். 1832-இல் மொராக்கோவுக்குக் கடல்வழியாகப் போன பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவாவின் குறிப்பேடுகளிலும் எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வரிகளுக்கு நடுவே படம் வரலாம், படத்துக்குள் சொல் வரலாம்; பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பள்ளிக்கூடப் பயம் இங்கே உதவாது.

கேள்வி: கப்பலில் கோயிலோ காட்சிக்கூடமோ இல்லை. கலையைப் பற்றிய சிந்தனை எங்கிருந்து வரும்?

புறப்படும் முன்பே எடுத்துச் செல்ல வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரருக்கு இதில் குறையே இல்லை. நான் மூன்று இடங்களைச் சொல்வேன். மூன்றையும் அவசரமில்லாமல் பார்த்துவிட்டுக் கப்பலேறுங்கள், ஆனால் அங்கே வைத்து எழுதாதீர்கள். கடலில் இருக்கும்போது நினைவிலிருந்து எழுதுங்கள். எது நினைவில் நிற்கிறது, எது நழுவிவிட்டது என்பதே உங்கள் கண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்லும் செய்தி.

முதலாவது, இராமநாதபுரம் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதியின் காலத்தோடு தொடர்புடைய சுவரோவியங்கள் அங்கே உள்ளன. சேதுபதியின் அரசவைக் கொலு, ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சி, தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், இராமாயண பாகவதக் கதைகள் எனச் சுவர்கள் நிறைந்திருக்கின்றன. இவற்றில் கவனிக்க வேண்டியது, ஒரே இடத்தில் நின்று பார்க்கும் பார்வை அங்கே இல்லை என்பதுதான். சுவர் பட்டை பட்டையாகப் பிரிகிறது, கதை பக்கவாட்டில் நகர்கிறது, பார்க்கிறவரும் கூடவே நடக்க வேண்டியிருக்கிறது. நம் சுவரோவிய மரபில் நீரை வரையும்போதும் இதே சுதந்திரம் உண்டு: அலை ஓர் ஒழுங்கான கோலமாக வரும், உள்ளே இருக்கும் மீன் முழுவதும் வெளியே தெரியும். கடலில் மேற்பரப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கடல் தொழில் செய்கிறவர் அடியில் பார் (பாறைத்திட்டு) இருக்கிறதா, சேறு இருக்கிறதா, எந்த மீன் மேய்கிறது என்பதையும் சேர்த்தே கடலை நினைக்கிறார். அந்த நினைப்புக்கு, தத்ரூபமான கடல் ஓவியங்களைவிட அந்தச் சுவர் மரபே நெருக்கமானது என்று நான் சொன்னால் ஓவிய மாணவர்கள் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும்.

இரண்டாவது, இராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரம். அங்கே எல்லாம் நேர்மாறு. இருபுறமும் தூண்வரிசை, மேலே விதானம், கீழே தளம். நான்கு விளிம்புக் கோடுகளும் தொலைவில் ஒரே புள்ளியை நோக்கி ஓடுகின்றன, அந்தப் புள்ளி உங்கள் கண்மட்டத்தில் இருக்கிறது. குனிந்தால் அதுவும் இறங்கும். கடலில் தொடுவானம் செய்கிற அதே வேலைதான், ஆனால் கடலில் அந்தப் புள்ளிக்கு வழிகாட்ட ஒரு தூண்கூட இல்லை. வெற்று நீரில் தொலைவு ஏன் பிடிபடுவதில்லை, ஒரு சிறு படகு குறுக்கே வந்ததும் ஏன் உடனே பிடிபடுகிறது என்பதை அந்தப் பிரகாரத்தை நினைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.

மூன்றாவது, கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளிவாசல். கோயில் மண்டபங்களைச் செதுக்கிய கைமரபே அதன் கல்தூண்களிலும் தெரிகிறது. ஆனால் உருவங்கள் இல்லை. உருவத்தை விட்டுவிட்டால் சிற்பியிடம் மீதமிருப்பது என்ன? விளிம்பு, இடைவெளி, பூவின் வடிவம், நிழல் விழும் ஆழம். பல நாட்கள் மனித முகமோ மரமோ எதிர்ப்படாத கடலில் எழுதுகிறவருக்கும் மீதமிருப்பவை ஏறக்குறைய இவையே.

கப்பலிலும் பார்க்க ஒன்று உண்டு. இரவில் ஒரு கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, மேலே வெள்ளை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது உங்களை நோக்கி நேராக வருகிறது என்று பொருள். நிறம் என்பது அலங்காரம் மட்டுமே என்று நினைப்பவர்கள் ஓர் இரவு காவல்பணியில் நின்றால் போதும்.

கேள்வி: எந்த நோட்டு, எந்தப் பேனா?

உப்பு ஈரத்தை இழுக்கும். உப்புக்காற்று பட்ட தாள் வெயிலில் உலர்த்தினாலும் மாலையில் மறுபடி நமுத்துவிடும். எனவே ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் நோட்டை வைத்து, எழுதும்போது மட்டும் வெளியே எடுங்கள். கம்பிச் சுருள் துருப்பிடிக்கும்; நூலால் தைத்துக் கெட்டி அட்டை போட்ட நோட்டு நல்லது. ஊற்றுப்பேனா மையும் பெரும்பாலான ஜெல் பேனா மையும் நீர் பட்டால் கரைந்தோடும். பென்சில் எழுத்து நனைந்தாலும் ஓடாது, சாய்ந்த தளத்திலும் எழுதும். என் தேர்வு அதுதான். பந்துமுனைப் பேனா இரண்டாம் இடம். நோட்டு கடல்நீரில் நனைந்துவிட்டால், நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி உப்பைப் போக்கி, பக்கங்களுக்கிடையே உறிஞ்சும் தாளை வைத்து நிழலில் காற்றாட உலர்த்துங்கள்.

கேள்வி: கடல் ஒவ்வாமையால் தலை சுற்றி வாந்தி வரும் நாட்களில் என்ன செய்வது?

எழுத வேண்டாம். குனிந்து எழுதுவது தலைசுற்றலைக் கூட்டும். வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஓரளவு குறைக்கும். சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் போனபோது கடல் ஒவ்வாமை அவரைப் பயணம் முழுவதும் விடவில்லை. சிறு குறிப்பேடுகளில் துண்டுதுண்டாகக் குறித்துக்கொண்டு, வாய்த்தபோது நாட்குறிப்பை விரிவாக எழுதினார். நீங்களும் சட்டைப்பைக்கு அடங்கும் ஒரு சிறு நோட்டில் நான்கு சொற்களைக் கிறுக்கிவைத்தால் போதும். விட்டுப்போன நாளை, விட்டுப்போனது என்றே குறித்துவிடுங்கள்.

கேள்வி: கப்பலின் கடிகாரத்தை அடிக்கடி மாற்றுகிறார்கள். எந்த நேரத்தை எழுதுவது?

கப்பல் நேரத்தை எழுதுங்கள். கடிகாரம் மாறிய நாளை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியிலிருந்து சிங்கப்பூர் போய்ச் சேருவதற்குள் இரண்டரை மணி நேரம் முன்னே போயிருக்கும். வெளிச்சத்தைப் பற்றி எழுதுகிறவருக்குக் கடிகாரத்தைவிட, சூரியன் உதித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது பயன்படும்.

கேள்வி: கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதாதா?

எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் கைபேசி இருட்டைத் தானாகவே வெளிச்சமாக்கிவிடும். நிலவொளியில் நீங்கள் கண்ட கருநீலம் படத்தில் வேறொன்றாகியிருக்கும். பிறகு படத்தைப் பார்த்து எழுதினால் நினைவும் அந்த நிறத்துக்கு மாறிவிடும். எழுதி முடித்த பிறகு படத்தைப் பாருங்கள்.

2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பகுதியில் தென்கடல் பச்சையாக மாறி, கரையில் மீன்கள் செத்து ஒதுங்கியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகியதால் வந்த நிறம் அது. அதன் உடலுக்குள் வாழும் பாசியே அந்தப் பச்சைக்குக் காரணம். அதே உயிர் இரவில் நீர் கலங்கும்போது நீலமாக ஒளிரக்கூடியது. பகலில் ஒரு நிறம், இரவில் இன்னொன்று, கையில் அள்ளினால் வேறு ஒன்று, கூடவே வாடை: இவற்றையெல்லாம் ஒரு படத்தில் அடக்க முடியாது. நேரம், இடம், வாடை, கையில் பட்ட வழவழப்பு ஆகியவற்றோடு நான்கு வரி எழுதிவைத்தவரின் நோட்டு, மீன்வளத்தைப் படிப்பவருக்கும் ஓவியருக்கும் ஒருசேரப் பயன்படும்.

கேள்வி: உடன் வேலை செய்கிறவர்களைப் பற்றி எழுதலாமா?

எழுதலாம், ஆனால் சிறிய கப்பலில் நோட்டு யார் கையிலும் சிக்கும். பெயருக்குப் பதில் ஓர் எழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். அவரவர் வீட்டுக் கதைகளை அவரவர் அனுமதியில்லாமல் எழுத வேண்டாம். அவர்கள் கயிறு சுற்றும் விதம், வலை பொத்தும் விரல்களின் வேகம், பெயின்ட் அடிக்கும்போது கையை வீசும் வளைவு ஆகியவற்றைத் தயங்காமல் எழுதலாம்.

கேள்வி: ஊர் திரும்பிய பிறகு திருத்தி எழுதலாமா?

மூலத்தில் கை வைக்காதீர்கள். நோட்டில் வலப்பக்கம் மட்டும் எழுதி இடப்பக்கத்தைக் காலியாக விட்டுவந்தால், திருத்தமும் பின்னால் தோன்றியதும் அங்கே போகும். படகுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கு ஏற்றது. படகைக் கரையேற்றி மராமத்து பார்க்கும் வேலைக்கிடையே மாலை நேரம் மிஞ்சும்.

கடலிலேயே அடித்துத் திருத்தியிருந்தால் அதையும் அப்படியே விட்டுவையுங்கள். 1924-இல் கொழும்பிலிருந்து ஹருனா மாரு என்ற கப்பலில் புறப்பட்டுத் தென்னமெரிக்கா வரை போன இரவீந்திரநாத் தாகூர், வழியில் நாட்குறிப்பும் கவிதைகளும் எழுதினார். ‘பூரபி’ என்ற தொகுப்பில் பின்னர் சேர்ந்த அந்தக் கவிதைகளின் கையெழுத்துப் படிகளில், வேண்டாமென்று அடித்த சொற்களையெல்லாம் கோடுகளால் இணைத்து விலங்குகளாகவும் பறவைகளாகவும் மாற்றியிருந்தார். அறுபது வயதைக் கடந்தவர் ஓவியராக உருவெடுத்ததில் அந்த அடித்தல்களுக்குப் பெரும் பங்குண்டு. நோட்டைச் சுத்தமாகப் பிரதியெடுத்துவிட்டுப் பழையதைக் கிழித்துப் போடுகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: கப்பலேற வாய்ப்பே இல்லை. கரையிலிருந்தபடி இதைச் செய்ய முடியுமா?

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போன காலம் 1964 டிசம்பர் புயலோடு முடிந்தது; இராமேஸ்வரத்திலிருந்து பிறகு நடந்த போக்குவரத்தும் 1980-களில் நின்றுவிட்டது. இன்று பயணியாகக் கடலில் போக விரும்புகிறவர் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலையோ, சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) செல்லும் கப்பலையோ பார்க்கலாம். முன்னது சில மணி நேரம். பின்னதில் ஏறக்குறைய மூன்று நாள் கடலிலேயே இருக்கலாம் என்பதால் நாட்குறிப்புக்கு அதுவே தோதானது. புறப்படும் நாட்கள் பருவத்துக்கேற்ப மாறுவதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அதுவும் இயலாதவர் பாம்பனுக்குப் போகட்டும். தூக்குப்பாலம் திறக்கும் நாளில் சரக்குப் படகுகளும் விசைப்படகுகளும் வரிசையில் காத்திருந்து கால்வாயைக் கடப்பதை சாலைப் பாலத்தின் மேலிருந்து பார்க்க முடியும். 1914-இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிளந்து, இருபுறமும் சாய்ந்தெழும்பி, வானத்தில் இரண்டு சாய்கோடுகளைப் போட்டுவந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி சாயாமல், கிடைமட்டமாகவே 17 மீட்டர் வரை மேலே ஏறுகிறது. பழைய பாலம் திறந்ததைப் பார்த்த பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, அவருடைய நினைவிலிருக்கும் சாய்கோடுகளை ஒரு பக்கத்திலும், கண்முன் ஏறும் கிடைக்கோட்டை எதிர்ப்பக்கத்திலும் வரையுங்கள். படகு எந்தக் கணத்தில் நுழைந்தது, நீரோட்டம் அதை எந்தப் பக்கம் தள்ளியது, சுக்கான் பிடித்தவர் எப்படி ஈடுகட்டினார் என்பதைக் கீழே எழுதுங்கள்.